சாம்பல் சிமெண்ட்டும் நம் நாணயமும்



கட்டுமானப் பொருள் வியாபாரத்தில் இருக்கிற நம் அனைவரின் காதிலும் நாள்தோறும் விழுகிற கேள்வி ஒன்று உண்டு. "இது சுத்தமான சிமெண்ட்டா, சாம்பல் கலந்த சிமெண்ட்டா?" என்பதே அது. இந்தக் கேள்விக்கு நம்மில் பலர் நேரான பதில் சொல்வதில்லை. வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து, எந்தச் சரக்கு கையிருப்பில் அதிகம் இருக்கிறதோ அதற்கேற்பப் பதிலைத் திருப்பிப் போடுகிறோம். ஓ.பி.சி. தேங்கிக் கிடந்தால் "சாம்பல் சிமெண்ட் எதற்கு?" என்கிறோம். பி.பி.சி. தேங்கிக் கிடந்தால் "எல்லாம் ஒன்றுதான், கொண்டு போங்கள்" என்கிறோம். இரண்டும் சரியான பதில் அல்ல.

சிமெண்ட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சாம்பலையும் கசடையும் சேர்ப்பது நாட்டுக்கும் வீடு கட்டுகிறவருக்கும் நன்மையே. ஆனால் அது ஆலையில், விதிப்படி, அளவோடு நடக்க வேண்டும். அதே சாம்பலைக் கிட்டங்கியில் வைத்துக் கலப்பது திருட்டு. இந்த இரண்டுக்கும் நடுவே கோடு போடும் பொறுப்பு அரசாங்கத்துக்கு மட்டுமல்ல, நம் சங்கத்துக்கும் உண்டு. இதுவே என் கருத்து. காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

சிமெண்ட் எதனால் ஆகிறது?

நாம் விற்கிற பொருளைப் பற்றி நமக்கே தெரிந்திருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் பொடித்து, ஏறத்தாழ 1,450 டிகிரி வெப்பத்தில் சூளையில் சுட்டால் கிளிங்கர் என்னும் கரும்பச்சை உருண்டைகள் வருகின்றன. அதோடு சிறிதளவு ஜிப்சம் சேர்த்து அரைத்தால் ஓ.பி.சி. என்கிற சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட். ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். சூளைக்கு எரிக்கும் நிலக்கரியிலிருந்து வரும் கரிப்புகை ஒருபுறம். சுண்ணாம்புக்கல்லே சுடும்போது வெளிவிடும் கரியமில வாயு அதைவிட அதிகம். இரண்டும் சேர்ந்து டன்னுக்கு 800 கிலோவுக்கு மேல் போகிறது. உலகம் முழுவதும் மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் 7, 8 விழுக்காடு சிமெண்ட் தொழிலிலிருந்து வருவதாகக் கணக்கு.

அரியலூர்ப் பக்கம் போய் வந்தவர்களுக்குச் சுண்ணாம்புச் சுரங்கங்கள் எவ்வளவு ஆழத்துக்கு, எவ்வளவு பரப்புக்குப் போய்விட்டன என்பது தெரியும். அது தோண்டத் தோண்டக் குறைகிற சொத்து. நம் பேரப்பிள்ளைகளும் வீடு கட்ட வேண்டும் அல்லவா?

மறுபுறம், அனல் மின் நிலையங்களில் சாம்பல் மலைபோல் குவிகிறது. நம் நாட்டு நிலக்கரி நூறு கிலோ எரித்தால் 30 முதல் 45 கிலோ வரை சாம்பலாக நிற்கும். மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை ஆகிய இடங்களில் இந்தச் சாம்பலை என்ன செய்வது என்பது பெரிய பிரச்சினை. அதில் ஒரு பகுதி எண்ணூர்க் கழிமுகத்தில் போய்ச் சேர்ந்து மீனவர் பிழைப்பைக் கெடுத்த கதை பத்திரிகைகளில் பலமுறை வந்ததே. சாம்பலை முழுமையாகப் பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 1999 செப்டம்பரிலேயே அறிவிக்கை வெளியிட்டது. 2021 டிசம்பரில் அதை இன்னும் கடுமையாக்கியது.

ஒரு பக்கம் தீர்ந்துபோகும் கல், மறு பக்கம் இடத்தை அடைக்கும் சாம்பல். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்ட வழிதான் பி.பி.சி.

சாம்பல் என்ன வேலை செய்கிறது?

சாம்பல் என்றதும் நம் மக்களுக்கு அடுப்புச் சாம்பல்தான் நினைவுக்கு வருகிறது. இது வேறு. மின் நிலையப் புகைபோக்கியில் பிடிக்கப்படும் இந்தச் சாம்பல் மாவுபோல் மென்மையானது. சிலிக்காவும் அலுமினாவும் மிகுந்தது. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது அதிலிருந்து சுண்ணாம்பு வெளிப்படுகிறது. அந்தச் சுண்ணாம்பு தானாகப் பெரிய பலம் எதுவும் தருவதில்லை. சாம்பலில் உள்ள சிலிக்கா அதைப் பிடித்துக்கொண்டு, சிமெண்ட் தருகிற அதே பசையாக மாற்றுகிறது. நம் பாஷையில் சொன்னால், வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிற ஆளை வேலைக்கு இழுத்துவிடுகிறது.

இதனால் கான்கிரீட்டின் நுண்துளைகள் அடைபட்டு, தண்ணீரும் உப்பும் உள்ளே புகுவது குறைகிறது. நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களில் கம்பி துருப்பிடித்துத் தளம் பெயர்வதைப் பார்க்கிறோம். அங்கெல்லாம் முறையாக வேலை செய்தால் சாம்பல் சிமெண்ட்டோ, இரும்பு உலைக் கசடு சேர்ந்த ஸ்லாக் சிமெண்ட்டோதான் பொருத்தம்.

அளவுக்கு ஓர் எல்லை இருக்கிறது. பி.பி.சி.க்குரிய ஐ.எஸ். 1489 விதிப்படி சாம்பல் 15 விழுக்காட்டுக்குக் குறையவும் கூடாது, 35 விழுக்காட்டுக்கு மேல் போகவும் கூடாது. கான்கிரீட்டில் உள்ள சுண்ணாம்புதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காவல்காரன். சாம்பலை அளவுமீறிக் கொட்டினால் அந்தச் சுண்ணாம்பு கரைந்து காவல் பலவீனப்படும். ஆரம்ப பலமும் வராது. மருந்தும் அளவு மீறினால் நஞ்சு என்பது இதற்கும் பொருந்தும்.

இது புதிய சங்கதி அல்ல

சிமெண்ட்டுக்குக் காப்புரிமை பெற்றது இங்கிலாந்து நாட்டு ஜோசப் ஆஸ்ப்டின், ஆண்டு 1824. அதற்குப் பதினேழு நூற்றாண்டுகளுக்கு முன்பே ரோமானியர் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு சேர்த்துக் கட்டிய பாந்தியன் குவிமாடம் இன்றும் நிற்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் காரை போடும்போது சுண்ணாம்போடு செங்கல் பொடியை அரைத்துச் சேர்த்தார்கள். அதற்குச் சுர்க்கி என்று பெயர். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த சாந்தால் எழுந்ததே. சுட்ட களிமண் பொடி சுண்ணாம்போடு சேர்ந்து இறுகும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்.

அதே தத்துவம் இப்போது புது உருவில் வருகிறது. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்து, கிளிங்கரைப் பாதியாகக் குறைத்துச் செய்யும் சிமெண்ட்டுக்கு இந்திய தர நிர்ணய அமைவனம் 2023இல் தனி விதி வெளியிட்டுவிட்டது. நாளை அந்த மூட்டையும் நம் கடைக்கு வரும். அதைப் பார்த்து "களிமண் சிமெண்ட்" என்று நாமே ஏளனம் செய்து கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகவும் இதை எழுதுகிறேன்.

"சுத்தமான சிமெண்ட்" என்னும் பேச்சு

இனி வாடிக்கையாளரின் ஐயங்களுக்கு வருவோம். "53 கிரேடு என்றால் 53, பி.பி.சி. என்றால் 33தானே, ஏன் குறைந்ததை வாங்க வேண்டும்?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். 33 என்பது 28 நாளில் பி.பி.சி. எட்ட வேண்டிய குறைந்தபட்ச அளவு; அதுதான் உச்ச அளவு என்பதல்ல. நல்ல ஆலைச் சரக்கு அதற்கு மேலேயே நிற்கும். ஆலையின் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். மேலும், சாம்பல் சிமெண்ட்டின் பலம் 28 நாளோடு நின்றுவிடுவதில்லை. அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும். சாதாரண வீட்டுத் தளத்துக்கு விதி கேட்கும் கான்கிரீட் எம்-20. அதற்குப் பி.பி.சி. தாராளமாகப் போதும்.

"இறுகவே நாளாகுமாமே?" என்பார்கள். இறுகத் தொடங்கக் குறைந்தது 30 நிமிடம், முழுதும் இறுக அதிகபட்சம் 600 நிமிடம் என்கிற வரம்பு இரண்டு வகைக்கும் ஒன்றே. முதல் சில நாட்களில் பலம் ஏறுவதுதான் சற்று மெதுவு. அவசரமாகச் சென்ட்ரிங் பிரிக்க வேண்டிய வேலைக்கும், முன்கூட்டியே வார்த்து எடுக்கும் தூண், உத்தரம் போன்றவற்றுக்கும் ஓ.பி.சி. ஏற்றது. அதை மறைக்க வேண்டியதில்லை. இன்னதற்கு இது என்று சொல்வதுதான் வியாபாரியின் வேலை.

உண்மையான சிக்கல் தண்ணீர் விடுவதில் இருக்கிறது. ஐ.எஸ். 456 விதி, ஓ.பி.சி.க்குக் குறைந்தது 7 நாளும், கலப்பு சிமெண்ட்டுக்குக் குறைந்தது 10 நாளும், நம் ஊர்போல் வெயிலும் வறட்சியும் உள்ள இடங்களில் 14 நாளும் ஈரம் காயாமல் வைத்திருக்கச் சொல்கிறது. எங்கள் கடைக்கு வந்த ஒரு கொத்தனார், "சாம்பல் சிமெண்ட் போட்ட தளம் விரிகிறது, எனக்கு வேண்டாம் அண்ணாச்சி" என்றார். "எத்தனை நாள் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டீர்கள்?" என்று கேட்டேன். "மூன்று நாள்" என்றார். மூன்றே நாள் தண்ணீர் விட்ட தளத்துக்கு எந்தச் சிமெண்ட் போட்டாலும் அது சாம்பலாகத்தான் போகும். சரக்கைக் குறை சொல்லுமுன் கைப்பக்குவத்தைப் பார்க்க வேண்டும்.

நிறத்தை வைத்துத் தரம் சொல்கிற பழக்கமும் ஒழிய வேண்டும். பச்சை ஓடினால் நல்ல சிமெண்ட், வெளுத்திருந்தால் மட்டம் என்பதெல்லாம் கதை. சாம்பலின் நிறம், கல்லின் நிறம் இவற்றைப் பொறுத்து மூட்டைக்கு மூட்டை நிறம் மாறும். பலத்துக்கும் நிறத்துக்கும் சம்பந்தம் இல்லை.

கலப்பு வேறு, கலப்படம் வேறு

சாம்பல் என்றதும் மக்கள் ஏன் அஞ்சுகிறார்கள் என்பதையும் நாம் நேர்மையாக யோசிக்க வேண்டும். 1982 பிப்ரவரியில் பாதிக் கட்டுப்பாடும், 1989 மார்ச்சில் முழுக் கட்டுப்பாடும் நீங்கும்வரை சிமெண்ட் பர்மிட் சரக்காக இருந்தது. கல்யாண வீட்டுக்கு ஜீனி கேட்பதுபோல் சிமெண்ட்டுக்கு மனுப்போட்டு நின்ற காலம் அது. தட்டுப்பாடு இருந்த இடத்தில் கள்ளச்சந்தையும், கள்ளச்சந்தை இருந்த இடத்தில் சாம்பலும் வந்தன. சாக்கைப் பிரித்துச் சாம்பலைக் கலந்து மறுபடி தைத்து விற்ற பேர்வழிகளால் பட்ட சூடுதான் இன்றைக்கும் மக்கள் மனத்தில் ஆறாமல் இருக்கிறது. அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று நாம் தள்ளிவிட முடியாது.

அந்தப் பேர்வழிகள் முற்றிலும் மறைந்துவிட்டார்களா என்றால் அதுவும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தரகர் எங்கள் கிட்டங்கிக்கு வந்து, வெள்ளைச் சாக்கில் நைசான சாம்பல் காட்டினார். "சில்லறையாக விற்கிற சிமெண்ட்டில் மூட்டைக்கு ஐந்து கிலோ சேருங்கள், கம்பெனியே கலக்கிறான், நீங்கள் கலந்தால் என்ன?" என்றார். அவரை அப்போதே வெளியே அனுப்பினேன். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு ஒவ்வொரு வியாபாரியும் பதில் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஆலையில் கலப்பவன், சாம்பலின் மென்மையையும் எரியாத கரியின் அளவையும் சோதித்து, எடைபோட்டு, கிளிங்கரோடு சீராகச் சேர்த்து, மாதிரி எடுத்து 28 நாள் பார்த்து, மூட்டையின் மேல் பி.பி.சி. என்று அச்சிட்டு, சாம்பல் எத்தனை விழுக்காடு என்பதையும் போட்டு விற்கிறான். கிட்டங்கியில் கலப்பவன் எதையும் சோதிப்பதில்லை, எதையும் சொல்வதில்லை. ஏற்கெனவே 30 விழுக்காடு சாம்பல் உள்ள 50 கிலோ மூட்டையில் 15 கிலோ சாம்பல் இருக்கிறது. அதில் 5 கிலோவை எடுத்துவிட்டு 5 கிலோ சாம்பலைக் கொட்டினால் சாம்பல் 18 கிலோவைத் தாண்டி, விதியின் எல்லையான 17½ கிலோவையும் மீறிவிடும். அது தளத்தில் போகிறதா, தூணில் போகிறதா என்பது கலந்தவனுக்குத் தெரியாது. அந்தக் கூரையின் கீழ் தூங்கப் போகிறவர் நம் வாடிக்கையாளரின் பிள்ளைகள். முன்னதற்குப் பெயர் கலப்பு. பின்னதற்குப் பெயர் கலப்படம். முன்னது சொல்லிச் செய்வது, பின்னது மறைத்துச் செய்வது.

உமிச் சாம்பல்: நம் வட்டாரத்துச் சொத்து

இது ஒருபுறமிருக்க, எங்கள் தஞ்சைப் பகுதிக்கே உரிய ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். கொள்ளிடத்துக்கு வடக்கே சுண்ணாம்புக்கல்; தெற்கே நெல். இரண்டுக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் நூற்றுக்கு 85 முதல் 95 வரை சிலிக்கா. நாளொன்றுக்கு 50 டன் நெல் அரைக்கிற ஆலையில் 10 டன் உமியும், அதை முழுதும் எரித்தால் 2 டன் சாம்பலும் கிடைக்கும். இன்று அந்தச் சாம்பல் பெரும்பாலும் ஆலைக்குப் பின்புறமும் வாய்க்கால் கரையிலும் குவிந்து, காற்றடித்தால் ஊரார் கண்ணில் விழுகிறது.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நம் நாட்டவர் பி. குமார் மேத்தா 1970களிலேயே உமிச் சாம்பலைச் சிமெண்ட்டோடு சேர்ப்பதை ஆராய்ந்து வழிகாட்டினார். நம் ஐ.எஸ். 456 விதியும் 2000ஆம் ஆண்டிலேயே, சீரான தரம் காட்டினால் பொறுப்புள்ள அதிகாரியின் அனுமதியோடு உமிச் சாம்பலைப் பயன்படுத்தலாம் என்று இடம் கொடுத்திருக்கிறது. பின் ஏன் அது கடைக்கு வரவில்லை?

காரணம், சாம்பல் எல்லாம் ஒரே சாம்பல் அல்ல. உமியை 500 முதல் 700 டிகிரிக்குள் கட்டுப்படுத்தி எரித்தால்தான் சிலிக்கா சுறுசுறுப்போடு இருக்கும். அரிசி ஆலைக் கொதிகலனில் நீராவிக்காக எரிக்கிறபோது வெப்பம் ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் இறங்கும். குறைந்தால் கரி நிற்கும். மீறினால் சிலிக்கா படிகமாகிச் சோம்பிப்போகும். படிகமான அந்தத் தூசு நுரையீரலுக்கும் கேடு. சரியாக எரித்ததையும் நைசாக அரைக்க வேண்டும். அது தண்ணீரை அதிகம் உறிஞ்சும் என்பதால் கான்கிரீட்டுக்கு அதற்கான மருந்தும் சேர்க்க வேண்டும். இத்தனையும் முறையாகச் செய்தால் சிமெண்ட்டில் 10, 15 விழுக்காட்டுக்குப் பதிலாக அதைப் போடலாம்.

ஆகவே, ஆலைக்குப் பின்னால் கிடக்கும் கறுப்புச் சாம்பலை அள்ளி வந்து "சிமெண்ட் மிச்சம்" என்று யாரும் விற்கக் கூடாது. அதே சமயம் இதை உதாசீனமும் செய்யக் கூடாது. நிலக்கரி மின் நிலையங்கள் என்றைக்கும் இருக்கப் போவதில்லை. எண்ணூர் நிலையம் 2017இல் மூடப்பட்டது. நெல் விளைகிறவரை உமி இருக்கும். கரும்பாலைச் சக்கைச் சாம்பலும் இதே வரிசையில் வைத்துப் பார்க்கத்தக்கதே.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை

கிளிங்கரைவிடச் சாம்பல் மலிவு என்பது ஊரறிந்த விஷயம். பி.பி.சி.யின் விலை ஓ.பி.சி.யைவிடச் சிறிதளவே குறைந்திருப்பதைப் பார்த்து, "மிச்சம் யாருக்குப் போகிறது?" என்று வாடிக்கையாளர் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. சாம்பலை ஏற்றிவரும் கூலி, உலர்த்தல், அரைத்தல் எல்லாவற்றுக்கும் செலவு உண்டுதான். ஆயினும் நாட்டு நலனுக்காக என்று சொல்லிச் சாம்பல் சேர்க்கிற ஆலைகள், அந்த லாபத்தில் ஒரு பங்கை வீடு கட்டுகிறவருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டும். சிமெண்ட் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. வரி குறைந்தபோது விலை எங்கே என்று மக்கள் நம்மைத்தான் கேட்டார்கள், ஆலை முதலாளிகளை அல்ல. கடைவாசலில் பேச்சு வாங்குகிறவர்கள் நாம் என்பதால், விலை பற்றிப் பேசும் உரிமையும் நமக்கு உண்டு.

சங்கத்துக்கு என் வேண்டுகோள்

குறை சொல்வதோடு நிறுத்தாமல், நம் சங்கம் உடனே செய்யக்கூடியவை என்று எனக்குத் தோன்றுகிறவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: சிமெண்ட் விற்கும் ஒவ்வொரு கடையிலும் ஒரு சிறு அறிவிப்புப் பலகை வைக்கலாம். எந்த வேலைக்கு எந்தச் சிமெண்ட், பி.பி.சி. என்றால் குறைந்தது எத்தனை நாள் தண்ணீர், மூட்டையின் மேல் எதையெதைப் பார்த்து வாங்க வேண்டும் என்கிற மூன்று சேதி போதும். தயாரித்த வாரமும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சாம்பல் விழுக்காடும் பார்க்கும் பழக்கத்தை நாமே ஏற்படுத்த வேண்டும்.

இரண்டு: சில்லறையாகக் கிலோக்கணக்கில் விற்பவர்கள், வாடிக்கையாளர் முன்னிலையில் பிரித்த மூட்டையிலிருந்தே நிறுத்துக் கொடுக்க வேண்டும். பிரித்த மூட்டை மறுபடி தைக்கப்படக் கூடாது. கிட்டங்கியில் கலப்படம் செய்தவர் எவரானாலும், சங்கம் அவருக்காகக் காவல் நிலையத்திலோ அதிகாரியிடமோ பரிந்து பேசாது என்று தீர்மானம் போட வேண்டும். ஒருவருக்காக வாதாடப் போய் நூறு பேர் பெயர் கெடுவது நியாயமில்லை.

மூன்று: கையிருப்பில் ஒழுங்கு வேண்டும். தரையில் அடுக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல், 10 மூட்டை உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்கி, முன் வந்ததை முன் விற்க வேண்டும். மூன்று மாதம் கடந்த சரக்கைச் சோதிக்காமல் தள்ளிவிட்டு, பின்பு சாம்பல் மேல் பழி போடுவது தகாது.

நான்கு: அரிசி ஆலை உரிமையாளர்களையும் கட்டுமானப் பொருள் வியாபாரிகளையும் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து உமிச் சாம்பலைப் பற்றி ஒரு கூட்டம் நடத்தலாம். எந்த ஆலைச் சாம்பல் தேறும், எது தேறாது என்று சோதனை சொல்லட்டும். தேறியது முறையாகச் சிமெண்ட் ஆலைக்கோ கான்கிரீட் ஆலைக்கோ போகட்டும். அந்தக் கொள்முதலையும் போக்குவரத்தையும் செய்ய நம்மைவிடத் தகுந்தவர் யார்?

நானூறு மூட்டை செலவாகிற ஒரு வீட்டுக்கு, 30 விழுக்காடு சாம்பல் உள்ள சிமெண்ட் வாங்கினால் 6 டன் சாம்பல் சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் அடங்கிவிடுகிறது; ஏறத்தாழ 9 டன் சுண்ணாம்புக்கல் மண்ணுக்குள்ளேயே தங்குகிறது. ஒவ்வொரு கடைக்காரரும் ஆண்டுக்கு எத்தனை வீட்டுக்குச் சரக்கு கொடுக்கிறார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், நாம் செய்வது சிறிய வேலை அல்ல என்பது விளங்கும். ஆனால் அந்த 6 டன் சாம்பலும் வாடிக்கையாளருக்குத் தெரிந்து, விதிப்படி, அளவோடு போயிருக்க வேண்டும். தெரியாமல் போகிற ஒரு கிலோவும் நம் கணக்கில் கடனாகத்தான் நிற்கும். அடுத்த செயற்குழுவில் இதைப் பொருளாக எடுத்துக்கொண்டு ஆவன செய்யுமாறு சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.